மணிக்குப் பலகை, கடுகுக்கு வண்டி

எங்கள் தெருவில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு சத்தம் வரும். சிமெண்ட் ரோட்டில் சின்னச் சக்கரம் உருளுகிற கரகரப்பு முதலில். பிறகு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டக், டக் என்று இரண்டு தட்டு. இஸ்திரி வண்டிக்காரர் தலையை நிமிர்த்தாமலே, “கடுகு கெளம்பிட்டா” என்பார். சொல்லிக்கொண்டே ஒரு கையால் பொறை டப்பாவைத் திறப்பார்.

கடுகு ஒரு நாய். கறுப்பு. ஆறு கிலோ எடை. ஆதம்பாக்கத்தில் ஒரு சந்து முனையில் லோடு ஆட்டோ இடித்துவிட்டுப் போனபோது அவளுக்குப் பத்து மாதம் இருக்கும் என்று பல்லைப் பார்த்துச் சொன்னார் டாக்டர். அந்த இடியில் முதுகெலும்பு முறிந்தது. பின்னங்கால் இரண்டும் உடம்போடுதான் இருக்கின்றன. ஆனால் அவை இருப்பது அவளுக்குத் தெரியாது. அரை இஞ்ச் பிவிசி பைப்பில் செய்த ஒரு வண்டி இப்போது அவள் இடுப்பைச் சுமக்கிறது. முன்னங்கால் இரண்டாலும் மண்ணைத் தள்ளித் தள்ளி அவள் பாய்கிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுத்து நடக்க முடிவதில்லை.

அவள் இப்படிப் பாயும்போதெல்லாம் எனக்கு மணியின் நினைவு வரும். மணி நாற்பது வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் செத்துப்போன நாய்.

1984. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். சாரங்கபாணி கோவில் பக்கம் ஒரு சந்தில் வீடு. மணி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்தச் சந்தில் எல்லா வாசலிலும் அவனுக்கு ஒரு வேளைச் சோறு உண்டு. மகாமகக் குளத்து மூலையில் பஸ் திரும்பும்போது பின்சக்கரம் அவனைத் தட்டிவிட்டது. பிள்ளைகள் நாலு பேர் ஓடினோம். நாங்கள் போவதற்குள் அவன் முன்னங்கால்களால் மண்ணைப் பறித்துப் பறித்துத் தன்னை இழுத்துக்கொண்டு சாக்கடை ஓரத்துக்கு வந்திருந்தான். கத்தவில்லை. அந்தக் கத்தாத முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

எங்களிடம் அப்போது ஒரு வண்டி இருந்தது. லாரிப் பட்டறையில் கெஞ்சி வாங்கிய தேய்ந்த பேரிங் மூன்று, ஒரு பலகை, திருப்புவதற்கு முன்னால் ஒரு குறுக்குக் கட்டை, இழுக்கக் கயிறு. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேரிங் வண்டி தெரியும். அதன்மேல் சாக்கை விரித்து மணியைக் கிடத்தி மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனோம். கால்நடை மருத்துவமனைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வாசலில் சினைக்கு வந்த பசுவும் கழுத்துப் புண் வைத்த காளையும் நின்றன. டாக்டர் நல்ல மனிதர். கையைக் கழுவிக்கொண்டு வந்து மணியின் முதுகைத் தடவிப் பார்த்தார். “நரம்பு போச்சும்மா. இனிமே எந்திரிக்க மாட்டான். ஊசி போட்டுறலாமா?” என்று என்னைத்தான் கேட்டார். மணிக்கு வேறு யாரும் இல்லாததால் பதினோரு வயதுப் பெண்ணிடம் கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

திண்ணைக்குக் கீழே சாக்குப் படுக்கை போட்டோம். அம்மா கஞ்சி ஊற்றினாள். எதிர்வீட்டுப் பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டான். பிறகு குறைத்துக்கொண்டான். அப்புறம் வாந்தி. இடுப்போரம் புண் வந்து ஈ மொய்த்தது, புழு வைத்தது. பதின்மூன்றாம் நாள் காலையில் நான் பால் பாத்திரத்தோடு போனபோது விறைத்துக் கிடந்தான். கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தார்கள்.

ஏன் செத்தான் என்று யாரும் கேட்கவில்லை. இடுப்பு உடைந்த நாய் சாகும். அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

கடுகை எனக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒரு அட்டைப்பெட்டியின் பக்கவாட்டை வெட்டி, முதுகு வளையாமல் அட்டையோடு சேர்த்துத் தூக்கி வந்திருந்தார்கள். அடிபட்ட நாயை முதுகு அசையாமல் தூக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் மணியை முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கியிருந்தோம்.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். நாய்க்கு மார்புப் பகுதியில் முதுகெலும்பு பதின்மூன்று, அதற்குப் பின்னால் இடுப்புப் பகுதியில் ஏழு. விலாக்கூடு முடிந்து வயிறு தொடங்குகிற அந்தச் சந்தியில்தான் பெரும்பாலும் முறியும், கடுகுக்கும் அங்கேதான். பிறகு ஒரு சின்ன இடுக்கியை எடுத்து அவள் பின்னங்கால் விரலை அழுத்தினார். கால் வெடுக்கென்று மடங்கியது. நான் சந்தோஷப்பட்டுவிட்டேன்.

“அவசரப்படாதீங்கம்மா. காலைப் பாக்காதீங்க, முகத்தப் பாருங்க” என்றார்.

இன்னொரு முறை அழுத்தினார். கால் மடங்கியது. கடுகு என் கையிலிருந்த பிஸ்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை, முனகவில்லை, ஒரு கண்ணிமைகூட அசையவில்லை. காலை இழுப்பது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகச் செய்கிற வேலை. மூளைக்குச் செய்தி போகவில்லை என்று விளக்கினார். டாஷ்ஹண்ட் மாதிரி குட்டைக்கால் நாய்களுக்கு முதுகுத் தட்டு பிதுங்கி இந்த நிலை வந்தால், உரிய நேரத்தில் அறுவை சிகிச்சை செய்து ஏறக்குறைய பாதிப் பேர் நடந்துவிடுவார்கள். வண்டி மோதி எலும்பு முறிந்து, ஆழத்து வலியும் தெரியவில்லை என்றால் நம்பிக்கை மிகக் குறைவு. அதை அவர் மறைக்கவில்லை.

அப்புறம் அவர் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. “நடக்கறத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல உங்க கையக் குடுங்க. இவளுக்கு மூத்திரம் எடுக்கக் கத்துக்கணும்.”

என் இரண்டு உள்ளங்கையையும் கடுகின் அடிவயிற்றில், பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் வைத்தார். உள்ளே ஒரு சாத்துக்குடி உருண்டது. அப்படித்தான் இருந்தது; தோலுக்கு அடியில் இறுகிப்போன ஒரு சாத்துக்குடி. மெதுவாக, விடாமல், வால் பக்கம் பார்த்து அழுத்தச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. “பயப்படாதீங்க, அதே நேரம் பலமா நசுக்கிடவும் கூடாது. ஒரே சீரா.” அரை நிமிஷம் ஆகியிருக்கும். வெதுவெதுப்பாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடுகு ஒரு பெருமூச்சு விட்டு என் முழங்கையில் தலையைச் சாய்த்தாள்.

“பெட்டி நனைஞ்சிருந்துச்சே டாக்டர், தானாப் போகுதுன்னு நெனச்சேன்” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. சொட்டுச் சொட்டா வருதுன்னா அது போறது இல்ல. நிரம்பி வழியுது. அப்படியே விட்டா பை வீங்கும், கிருமி சேரும், சிறுநீரகத்துக்கு ஏறும். இடுப்பு அடிபட்ட நாய் நிறையப் பேர் செத்துப்போறது இதனாலதான். காலால இல்ல.”

அன்று ராத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. கட்டிலில் உட்கார்ந்து கடுகின் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நம்ம மணி கெடந்த எடம் எப்பவும் நசநசன்னு இருக்கும்டி. நாந்தான் அடுப்புச் சாம்பல அள்ளி அள்ளிக் கொட்டுவேன். தானாத்தான் போறான்னு நெனச்சேன்” என்றாள். அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை.

பதின்மூன்று நாள். கஞ்சி ஊற்றினோம், பற்றுப் போட்டோம், பக்கத்தில் உட்கார்ந்து விசிறினோம். அவன் வயிற்றுக்குள் ஒன்று நிரம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் அன்பில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு ஜோடிக் கையை எங்கே வைத்து எப்படி அழுத்துவது என்பது அந்தச் சந்தில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

அன்றைக்கு உலகத்தில் இது யாருக்குமே தெரியாத காரியம் இல்லை. அமெரிக்காவில் லிங்கன் பார்க்ஸ் என்கிற கால்நடை மருத்துவர் 1961-லேயே நாய்களுக்குச் சக்கர வண்டி செய்யத் தொடங்கிவிட்டார். 1989-இல் எட்டி என்பவர் தன் டோபர்மேன் புத்தாவுக்காகச் செய்த வண்டி பிறகு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மணி திண்ணைக்குக் கீழே கிடந்தபோது நாய் வண்டிக்கு வயது இருபத்து மூன்று. மெட்ராஸிலும் ஆட்கள் இல்லாமலில்லை. வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் வீட்டுக்கு எடுத்து வந்ததில் தொடங்கிய புளூ கிராஸ், 1959 முதல் இயங்கியது; தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யலாம் என்று 1964-லேயே செய்துகாட்டியது. ஆனால் மாநகராட்சி கொல்வதை விட்டு அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. கருத்தடைக்கான மத்திய விதிகள் 2001-இல் வந்தன. 2023-இல் அவை புதிதாக எழுதப்பட்டன. பிடித்துக் கொன்றுபோட வேண்டிய பொருளாக ஒரு பிராணியை நகரமே எண்ணிய காலத்தில், அதற்குக் கால் செய்து தரலாம் என்று ஒரு சிறு ஊரில் யாருக்குத் தோன்றும்? இன்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வாசலில் காலை வேளையில் போய் நின்று பாருங்கள். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. ஆட்டோவிலும் ஸ்கூட்டர் முன்பலகையிலும் நாய்களைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். அதில் பாதி எந்த ஜாதி என்று சொல்ல முடியாத நம் தெருநாய்கள்தான்.

கடுகுக்கு முதலில் ஓய்வு. ஆறு வாரம், திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டு. எலும்பு கூடுவதற்கு அதுதான் மருந்து. சிறுநீர் வழி தளர்வதற்கு மாத்திரை. ஒரு நாளைக்கு நாலு முறை கையால் எடுக்க வேண்டும்: காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு பத்து. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பெலும்பு முட்டுகிற இடத்தில் தோல் சிவக்கும், அப்புறம் உரியும். மணிக்கு வந்த புண் எங்கிருந்து வந்தது என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். மூத்திரம் கலங்கியிருந்தாலும் நாற்றம் மாறினாலும் கிருமி என்று அர்த்தம். முதல் வருஷத்தில் இரண்டு முறை அப்படி ஆகி மருந்து கொடுத்தோம்.

ஆறு வாரம் கழித்துக் கூண்டைத் திறந்ததும் அவள் செய்த முதல் காரியம், மொசைக் தரையில் சர்ரென்று இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனது. பார்க்க வேகமாக இருந்தது. நாலு நாளில் பின்பாதத்தின் மேல்தோல் வழண்டு ரத்தம் வந்தது. வலி தெரியாததால் அவள் நிறுத்தவே இல்லை. தெருமுனை டெய்லர் அக்கா கிழிந்த குடைத்துணியில் ஒரு பை தைத்துத் தந்தார். இடுப்புக்குக் கீழே முழுவதும் அதற்குள் போய்விடும், மேலே நாடா. குடைத்துணி தரையில் வழுக்கிக்கொண்டு போகும், தோல் தப்பிக்கும். வீட்டுக்குள் இன்றைக்கும் அதுதான்.

வண்டி செய்தது பிளம்பர் தம்பி. எங்கள் வீட்டுக் குழாய்க்கு வந்தவர் கடுகைப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுக்குப் போய் வெளிநாட்டுல ஆர்டர் போடணுமா? அரை இஞ்ச் பைப்புல நான் கட்டித் தர்றேன்” என்றார். கோவையில் ஒரு பொறியாளப் பெண்ணும் அவர் தந்தையும் தத்தெடுத்த நாய்க்கு வீட்டிலேயே வண்டி செய்த செய்தியை அவர் போனில் பார்த்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாக்ஸா பிளேடு, டேப், எல்போ எட்டு, டீ ஆறு, சொல்யூஷன் டப்பாவோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அளவு மூன்று: முன்னங்கால் அக்குளுக்குப் பின்னாலிருந்து வால் அடி வரை நீளம், நேராகத் தூக்கி நிறுத்தினால் இடுப்பிலிருந்து தரை வரை உயரம், இடுப்பின் அகலம். உயரம் கொஞ்சம் கூடினாலும் முதுகு முன்பக்கம் சரிந்து தோளில் பாரம் ஏறும். குறைந்தால் இடுப்பு தொங்கும். நாய் நிற்கும்போது உடம்பு எடையில் நூற்றுக்கு அறுபது முன்னங்கால்களில்தான் நிற்கிறது. மீதி நாற்பதை வண்டி வாங்கிக்கொள்ள வேண்டும். முன்னங்கால்களுக்குக் கூடுதல் சுமை வைக்கக் கூடாது.

நாங்கள் கூடுதல் சுமை வைத்துவிட்டோம். முதல் வண்டியில் சக்கரத்தை வாலுக்கு நேராகப் பொருத்தியிருந்தார் தம்பி. பார்ப்பதற்கு வில்வண்டி மாதிரி அழகாக இருந்தது. கடுகை மாட்டினோம். அப்படியே நின்றாள். கோழிக்கறித் துண்டைக் காட்டினேன். கழுத்தை மட்டும் நீட்டினாள். ஒரு அடி வைக்கவில்லை. காதைப் பின்னால் படியவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஐந்து நிமிஷத்தில் முன்னங்கால் இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. கழற்றிவிட்டோம்.

அடுத்த ஞாயிறும் தம்பி வந்தார். தோள்பட்டை வாரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், கனத்தது. சக்கரம் பின்னால் இருக்க இருக்க, ஏற்றம் இறைக்கிற மரத்தைப் போல எடை முன்பக்கம் சாய்கிறது. சக்கரத்தை இடுப்பு மூட்டுக்கு நேர் கீழே, ஒரு விரற்கடை முன்னால் கொண்டுவந்தார். மறுபடி இரண்டு விரலால் தூக்கினார். வாருக்கு எடையே இல்லை. “இப்பப் பாருங்க அக்கா” என்றார். சின்ன நாய்க்கு வண்டியின் சொந்த எடையும் முக்கியம். ஆறு கிலோ உடம்புக்கு ஒன்றரைக் கிலோ வண்டி மாட்டினால் அது நம் முதுகில் அரிசி மூட்டை வைத்தது போல. இரண்டு பைப்பை எடுத்துவிட்டு ஒரு கிலோவுக்குக் கீழே கொண்டுவந்தார். இடுப்பு உட்காருகிற இடத்தில் ஏசி குழாய்க்குச் சுற்றுவார்களே, கறுப்பு நுரை, அதைச் சுற்றினோம். சக்கரம் பழைய குழந்தை வண்டியுடையது. பாதம் இரண்டையும் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கச் சைக்கிள் டியூப்பில் இரண்டு தொட்டில். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. தம்பி கூலி வாங்கவில்லை.

இரண்டாவது வண்டியை மாட்டி வாசல் கேட்டுக்கு வெளியே விட்டோம். ஒரு நிமிஷம் அதே சிலை. எதிர்ச்சாரியில் ஒரு பூனை மதிலிலிருந்து குதித்தது. கடுகு முன்னங்காலை ஒரு எட்டு வைத்தாள். பின்பக்கம் கூடவே வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். தன் பின்பக்கம் இழுபடாமல் கூட வருவதை அந்த நாய் திரும்பிப் பார்த்தது. இன்னொரு எட்டு. அப்புறம் நாங்கள் யாரும் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது வீட்டுத் திருப்பத்தில் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள், தூக்கி நிறுத்தியதும் மறுபடி ஓடினாள். அன்றைக்கே இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நாலு விரல் அகலம் கூட்டினோம். அதனால் அடுப்படி வாசலில் இடிக்கிறது. பரவாயில்லை, வீட்டுக்குள் அவளுக்குப் பை இருக்கிறது.

வண்டி கிடைத்துவிட்டதால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறவர்களை நான் பார்க்கிறேன். வீடியோ எடுத்துப் போட்டுவிட்டு, நாயை நாள் முழுக்க வண்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். வண்டியில் நாய் படுக்க முடியாது. நின்றுகொண்டே இருக்க வேண்டும். வார் உரசி அக்குள் புண்ணாகும், தோள் வீங்கும். முதல் வாரம் கால் மணி நேரத்துக்கு மேல் கூடாது. பழகின பிறகும் கடுகுக்கு ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம்தான், கண்காணிப்போடு. ஒரு நாளில் மிச்சம் இருபத்து மூன்று மணி நேரமும் கையின் வேலை. அந்தக் கைக்கு ஆள் இல்லை என்றால் வண்டி வாங்காதீர்கள் என்று கேட்கிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன். கடுமையாகப் படுகிறது என்கிறார்கள். சொல்லாமல் இருப்பதுதான் கடுமை.

ஊசி போடுவதைப் பற்றியும் அதே மாதிரிதான் எனக்கு. தீராத வலியில் கிடக்கிற உயிருக்கு வலியில்லாமல் விடை கொடுக்கச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. கால்நடை மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கும்பகோணத்து டாக்டர் அன்று கேட்டது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. நான் வேண்டாம் என்றதற்கு மணி பதின்மூன்று நாள் விலை கொடுத்தான். அன்று பிழைக்கவைக்கத் தெரியாது. அதனால் ‘போட்டுறலாமா’ என்பது கருணையான கேள்வி. இன்று தெரியும். அதனால் கேள்வி மாறியிருக்கிறது: வலி இருக்கிறதா, முன்கால் திடமாக இருக்கிறதா, சாப்பிடுகிறதா, நாலு வேளை கை கொடுக்க ஆள் உண்டா. இந்த நாலுக்கும் ஆமாம் இல்லை சொன்ன பிறகுதான் மற்றது. உதய்ப்பூரில் 2002-இல் தொடங்கிய அனிமல் எய்ட் என்ற காப்பகத்தில் பின்கால் விழுந்த நாய்களுக்கென்றே ஒரு இடம் வைத்திருக்கிறார்கள், அங்கே அவை கூட்டமாக இழுத்துக்கொண்டு விளையாடுவதைப் படத்தில் பார்த்தபோது அம்மா கேட்டாள், “இத்தன பேரா பொழச்சிருக்கு?”

காலுக்கு வேலை கொடுப்பதையும் நாங்கள் விடவில்லை. தினம் இரண்டு வேளை, மல்லாக்கக் கிடத்திச் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஒவ்வொரு காலுக்கும் பதினைந்து முறை. இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். அடிவயிற்றில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கி, பாதம் நாலும் தரையில் பதிய நிற்கவைப்பது ஐந்து நிமிஷம். வெயில் காலத்தில் பிளாஸ்டிக் தொட்டியில் மார்பளவு தண்ணீர் விட்டு நீந்தவிடுவது. பெருநகரங்களில் தண்ணீருக்குள் ஓடுகிற டிரெட்மில் வைத்த பிராணிப் பிசியோதெரபி மையங்கள்கூட வந்துவிட்டன. மூளையின் செய்தி வராமலே தண்டுவடம் தானாக நடையைக் கற்றுக்கொள்கிற நாய்கள் உண்டு. தள்ளாடும், குறுக்கே விழும், ஆனாலும் நடக்கும். கடுகுக்கு அது வரவில்லை. ஒன்றரை வருஷம் பார்த்துவிட்டோம். பின்னங்கால் தசை மெலிந்து, கோழிக்கால் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரில் மட்டும் சில நாள் இரண்டு காலும் ஒன்று மாற்றி ஒன்று உதைக்கும். அதைப் பார்ப்பதற்காகவே அம்மா நாற்காலியைத் தொட்டிப் பக்கம் போடச் சொல்வாள்.

டாக்டரம்மா ஒருமுறை கேம்பிரிட்ஜ் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2012-இல் வெளியானது. முதுகு அடிபட்டு நாட்பட்ட 34 வளர்ப்பு நாய்கள். அவற்றில் ஒரு பகுதிக்கு அவற்றின் மூக்குக்குள்ளிருந்தே ஒருவகைச் செல்லை எடுத்து வளர்த்து, தண்டுவடத்தில் அடிபட்ட இடத்தில் செலுத்தினார்கள். ஜாஸ்பர் என்ற டாஷ்ஹண்ட் ஓடும் இயந்திரத்தில் நடந்த படத்தை உலகமே பார்த்தது. முன்காலும் பின்காலும் ஒத்து அசைய ஆரம்பித்தன. ஆனால் மூளையிலிருந்து கீழே போகிற பாதை திறக்கவில்லை. மூத்திரக் கட்டுப்பாடு சில நாய்களுக்குத் திரும்பியது, கணக்கில் சேர்க்கிற அளவுக்கு எண்ணிக்கை இல்லை. “பாத்தீங்களா, அங்கயும் அதேதான் நிக்குது” என்றார். முதுகு அடிபட்ட மனிதர்களைக் கேட்டாலும் நடையைவிட அதைத்தான் முதலில் திருப்பிக் கேட்கிறார்கள் என்றும் சொன்னார்.

தெருவும் கொஞ்சம் மாறியிருக்கிறது. முதல் மாதம், “ஏம்மா இதப் போட்டு இப்படி வதைக்கிறீங்க, விட்டுற வேண்டியதுதானே” என்று கேட்ட கீழ்வீட்டு ஐயா இப்போது மழை நாளில் கேட்டைத் திறந்து வைக்கிறார், வண்டி வழுக்காமல் திரும்ப. பிள்ளைகள் கடுகின் சக்கரத்தில் தீபாவளிக்கு வண்ணக் காகிதம் சுற்றினார்கள். தெருவின் மற்ற நாய்கள் முதல் வாரம் அந்தச் சக்கரத்தைப் பார்த்து வெறித்தனமாகக் குரைத்தன, இப்போது அதில் காலைத் தூக்குகின்றன. வேகத்தடைதான் இன்னும் சிரமம். ஏறிவிடுவாள், இறங்கும்போது இடுப்பு ஒரு துள்ளு துள்ளும். சிமெண்ட் சாய்வு போட்டுத் தருகிறேன் என்று பிளம்பர் தம்பி சொல்லியிருக்கிறார்.

நேற்று ஆறேகால் மணிக்குத் திரும்பி வந்தோம். வாரைக் கழற்றினேன், அக்குளில் சிவப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன், பாதத்தைத் தொட்டிலிலிருந்து எடுத்தேன். வண்டியைச் சுவரோரம் சாய்த்ததும் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்து நின்றது. பையை மாட்டினேன். இரண்டு வாய் தயிர்சாதம் தின்றுவிட்டு அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ராத்திரி பத்து மணிக்கு விளக்கைப் போட்டால் அவளே எழுந்து குளியலறை வாசலுக்கு வந்துவிடுகிறாள். செய்தித்தாளை விரித்து, முதுகை என் தொடையோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கையை வைத்தேன். சாத்துக்குடி இருந்தது. ஒரே சீராக அழுத்தினேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா, “வந்துச்சா?” என்று கேட்டாள். தினமும் கேட்பாள்.

“வருதும்மா.”

“முழுசா எடு. மிச்சம் வெக்காத.”

உள்ளங்கைக்கு அடியில் அது சின்னதாகிக்கொண்டே வந்து எலுமிச்சம்பழமாகி, பிறகு தட்டுப்படாமல் போயிற்று. கடுகு ஒரு பெருமூச்சு விட்டாள்.